‘த’ என்ற இழுப்பறை

4 நவம்பர் 1959, திருப்பதி

காலை எட்டு மணிக்கே நூல்நிலையத்துக்குப் போய்விட்டேன். ஆய்வு மாணவன் என்று ஆறு புத்தகச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் தனி மேசை. இங்கே இல்லாத புத்தகத்தைச் சென்னையிலிருந்து தபாலில் தருவிக்கும் ஏற்பாடும் உண்டு. எல்லாம் உண்டு, எனக்கு வேண்டிய ஒரே புத்தகம் மட்டும் இல்லை.

எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தாலுகா சிரஸ்தார் தமிழில் அச்சடித்த ‘ஏரி விவரம்’. நகரி, புத்தூர்ப் பக்கத்து ஏரிகளில் எந்த மடை யாருக்கு, எந்த முறையில் தண்ணீர் என்று ஊர் ஊராக எழுதியிருப்பதாகக் கேள்வி. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுதும் அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

புத்தகப் பட்டியல் அட்டைகள் அடுக்கிய பெட்டியில் தெலுங்கு ‘த’ இழுப்பறையை இன்று மூன்றாவது தடவையாகக் குடைந்தேன். தமிழ் என்று ஓர் அட்டைகூட இல்லை. இங்கிலீஷ் பட்டியலிலும் இல்லை.

19 நவம்பர்

இன்று கோபத்தில் எழுதுகிறேன்.

கவுண்டரில் இருக்கும் நாகையாவிடம் கேட்டேன். பாகாலாக்காரர், தற்காலிக வேலை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அரவம்லோ சூடண்டி” என்றார். அரவத்தில் போய்ப் பாருங்கள். அதாவது, உன் தமிழ்நாட்டுக்குப் போய்த் தேடிக்கொள்!

அரவம் என்றால் நமக்குப் பாம்பு, இல்லாவிட்டால் சத்தம். இந்தத் தெலுங்குக்காரர்களுக்குத் தமிழரும் தமிழும்தான் அரவம். எல்லைப் போராட்டத்தில், எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நகரித் தெருவில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். திருத்தணி சென்னைப் பக்கம் போகிறது, எங்கள் ஊர் போகவில்லை. அந்தப் புண்ணில் இவன் விரலை விடுகிறான்.

6 டிசம்பர், ஊரில்

மனைவி மல்லிகா சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏரியப் பத்தி எழுத இன்னாத்துக்குப் பொஸ்தகம்? ஏரிதான் இங்கியே கீதே.”

புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் என் விடுமுறை மார்ச் 31 வரைதான். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இரண்டு வருஷமும் பாழ். பிறகு எந்த முகத்தோடு இவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவேன்?

12 ஜனவரி 1960

தபாலில் புத்தகம் கேட்டு எழுதியதற்குச் சென்னையிலிருந்து பதில். “எங்களிடம் இல்லை.” ஒரே வரி. இந்த ஒரு வரிக்காக ஏழு வாரம் காத்திருந்தேன்.

13 ஜனவரி

வேறு வழியில்லாமல் மறுபடி நாகையாவிடம் போனேன். மறுபடியும் அதே வார்த்தை. இந்தத் தடவை ஒரு குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். படிக்கும் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். ‘மொழியைச் சொல்லி அவமதித்தார்’ என்று நூலகருக்கு ஒன்றரைப் பக்கம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

2 பிப்ரவரி

நாகையாவைக் கவுண்டரிலிருந்து எடுத்து, பின்கட்டில் புத்தகம் தைக்கும் அறைக்குப் போட்டுவிட்டார்கள். மார்ச்சோடு அவர் வேலை முடிகிறதாம், நீட்டிப்பது சந்தேகம்தான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நன்றாக வேண்டும்.

26 பிப்ரவரி

என் ஆய்வுக்கு வழிகாட்டும் புரொபசர் தோதாத்ரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “மூலம் இல்லாமல் அந்த அத்தியாயம் நிற்காது, கோவர்த்தனன். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போட முடியாது” என்றார். இன்னும் முப்பத்து நாலு நாள்தான்.

9 மார்ச்

ஒன்றும் எழுதவில்லை. சாப்பிடவும் பிடிக்கவில்லை.

14 மார்ச்

ஐயோ.

ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டு பற்றித் தெலுங்கில் ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்று ‘அ–ஆ’ இழுப்பறையை இழுத்தேன். இத்தனை மாதத்தில் அதைத் தொட்டதே இல்லை. பாதி தூரத்தில் ஒரு மஞ்சள் அட்டை தலை நீட்டிக்கொண்டிருந்தது. தெலுங்கில், பழைய கையெழுத்தில்: அரவம்.

அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் அட்டைகள். எல்லாம் தமிழ்ப் புத்தகங்கள். ஏதோ ஒரு ஜமீன் நன்கொடையாம். அந்த ஜமீன் குமாஸ்தா எழுதி வைத்தபடியே பெட்டியில் சேர்த்திருக்கிறார்கள். பதினேழாவது அட்டை, ‘ஏரி விவரம்’.

அரவத்தில் பாருங்கள். அந்த மனிதர் இழுப்பறையைச் சொல்லியிருக்கிறார். என் கேள்விக்கு இந்த நூல்நிலையத்திலேயே சரியான பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் அவர் வேலைக்கு உலை வைத்துவிட்டேன்.

15 மார்ச்

நூலகரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்று போகவில்லை. முதலில் புத்தகம் கையில் வரட்டும், அத்தியாயம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று மனசு சொல்கிறது. கேடுகெட்ட மனசு.

16 மார்ச்

புத்தகம் வந்தது, என் கைக்கு வரவில்லை. தையல் விட்டுப்போய்த் தாள் தாளாகக் கிடக்கிறது. இந்த நிலையில் வாசகருக்குத் தரக்கூடாதாம். தைத்து வர மூன்று வாரம். கவுண்டரில் இருக்கும் புது ஆள் தைக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்.

அந்த அறைக்கு!

17 மார்ச்

போனேன். பசை நாற்றம், ஒரே ஜன்னல். நாகையா முக்காலியில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

“நேனு செப்பானு கதா” என்றார். நான்தான் சொன்னேனே. அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

பிறகு புத்தகத்தை எடுத்து, தைக்காத தாள்களில் முதல் கட்டைப் பிரித்து மேசையில் வைத்தார். ஒரு கட்டை நான் பார்த்தெழுதி முடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்ததைத் தருவார், முடித்ததைத் தைப்பார். அறையை விட்டுத் தாள் வெளியே போகவில்லை, சட்டமும் கெடவில்லை.

18 மார்ச்

நூலகரிடம் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவமதித்ததாக எழுதினீர்களே என்றார்.

“இல்லை சார். அவர் தெலுங்கில் சரியாகத்தான் சொன்னார். நான்தான் கோபத்தில் தப்பாகக் கேட்டேன்.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பையன்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். புகாரின் நகல் மேலே போய்விட்டதாம். எழுதிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார்.

24 மார்ச்

ஒன்பது கட்டு முடிந்தது. எங்கள் ஊர் ஏரி வந்தது. ஐந்தாம் மடையில் என் பாட்டனின் பாட்டன் பெயர். நாகையாவிடம் படித்துக் காட்டினேன். ஊசியை நிறுத்திக் கேட்டார்.

31 மார்ச்

பகல் மூன்று மணிக்கு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். புரொபசர் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்குத் தைக்கும் அறைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. நீட்டிப்பு உத்தரவு வரவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டு மத்தியானமே பாகாலா வண்டிக்குப் போய்விட்டார் என்றார்கள். ‘ஏரி விவரம்’ தைத்து முடித்து, சிவப்புத் துணி முதுகோடு அலமாரியில் இருக்கிறது.

1 ஏப்ரல், புத்தூர்

இன்று முதல் திருத்தணி சென்னை ராஜ்யம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதையே பேசினார்கள். என்னை ஏன் சும்மா இருக்கிறாய் என்றார்கள்.

20 ஜூன், திருப்பதி

சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்க நூல்நிலையம் போனேன். கவுண்டரில் நாகையா. போன வாரம்தான் திரும்ப எடுத்தார்களாம், மறுபடியும் தற்காலிகம்தான். நான் கும்பிட்டேன். சிரிக்கவில்லை. ஆறு சீட்டையும் எண்ணி வாங்கிக்கொண்டு, வெள்ளை அட்டை ஒன்றையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். ‘த’ இழுப்பறைக்கு ஓர் அட்டை வேண்டுமாம், தமிழில்.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

“நேனு மீக்கு செப்பின மாட்டே ராயண்டி” என்றார். உங்களிடம் நான் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள்.

எழுதினேன்: தமிழ்ப் புத்தகங்களுக்கு அரவத்தில் பாருங்கள்.