தாழ்ந்த மனை

அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இந்தப் பாலைவன ஊரில் நேற்று மழை. பக்கத்துப் பக்கத்து நகராட்சிகள் இரண்டின் மழைநீர் விதிகளை ஒப்பிடுவதுதான் இப்போது என் வேலை. ஒன்றில், மண்ணடித்து மனையை உயர்த்துகிறவர் தன் மழைத்தண்ணீரைத் தன் மனைக்குள்ளேயே இறக்க வேண்டும். மற்றதில் அந்த விதி இல்லை. "உங்கள் ஊரில்?" என்றார் மேலதிகாரி. "பிறகு கட்டுகிறவர் உயரமாகக் கட்டுவார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

போன வாரம் போனில், "நம்ம பக்கத்து மனையில வேதமணி அண்ணாச்சி மண்ணு அடிக்காவ" என்றீர்கள். அன்றிலிருந்து, தண்ணீர் போகும் திசைக்கு வரைபடத்தில் நான் வரையும் அம்புகள் எல்லாம் நம் வாசலில் வந்து நிற்கின்றன.

மாடியில் படுங்கள் அம்மா. வெள்ளத்தோடு போன அப்பா கதவைத் தட்டுவார் என்று இந்த வருட மழைக்கும் கீழேயே காத்திருக்காதீர்கள். வந்தால் மேலே ஏறி வருவார். அந்தப் படி அவர் கட்டியதுதானே.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

பியூலா