சிவப்புப் பெயிண்டுக்கு அடியில் இருந்த வருசம்

என்னங்க,

ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். புளிக்குழம்பு அடுப்பு மேலே இருக்கு. நேத்து மாதிரி கோவத்துல பட்டினி கிடக்காதீக.

உங்க ட்ராக்டருக்கு வாங்கின போல்ட் ஒண்ணுகூட ஏன் சேரலைன்னு தெரிஞ்சுபோச்சு. "நான் பொறந்த அறுபத்தெட்டுல அப்பா புதுசா எடுத்த வண்டி"ன்னு கடை கடையாச் சொன்னீகளே, காலையில இன்ஜின் பக்கவாட்டுல பெயிண்டைச் சுரண்டிப் பாத்தேன். சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சல் காணிக்கை ஏத்திட்டுப் போக வருசா வருசம் நீங்க அடிச்ச சிவப்பு, தோசை கனத்துக்கு இருக்கு. அதுக்கடியில இரும்புலயே 1959ன்னு வார்த்திருக்கு. மாமா பழைய வண்டியைத்தான் வாங்கியிருக்காக.

சாத்தூர் லேத்துக்காரர் ரத்தினசாமி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அம்புட்டுப் பழசுன்னா போல்ட்டு மரையெல்லாம் இஞ்சுக் கணக்குதானம்மா! அவுக வாங்கின போல்ட்டு பூரா மில்லிமீட்டர் மரை. பழைய இரும்புக் கடையில அளவு பாத்து எடுத்தாரேன்"னாக. பத்து மணிக்கு வருவாக. காப்பி போட்டுக் குடுங்க. ஷெட் சாவி பிரிட்ஜ் மேலே.

ஞாயித்துக்கிழமை பண்டிகைக்கு வண்டி கிளம்பிரும்.

வினோலியா

இன்னும் ஒண்ணு. "வயசாயிருச்சு, இனிமே காயலான் கடைதான்"னு நேத்து நான் சொன்னது ட்ராக்டரைத்தான். உங்களுக்கு அதைவிட ஒன்பது வயசு கம்மி.