உருகாத வெள்ளிக்காசு

அன்புள்ள அண்ணைக்கு,

கல்யாண அட்டை கிடைத்ததிலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று இங்கே லண்டன் ஃபாரஸ்ட் கேட் நகைக்கடையில் மகள் விதுஷாவின் தாலிக்குப் பொன்னுருக்கினோம். மாப்பிள்ளை வீட்டுக் காசைத்தான் உருக்குவது வழக்கம் என்று சம்பந்தியம்மா அபேனாவுக்குச் சொல்லியிருந்தேன். தங்கக்காசு என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் வெற்றிலையில் வைத்தது ஒரு வெள்ளிக்காசு.

கானாக் காசு, அண்ணை. 1958ஆம் ஆண்டுடையது, ஒரு பக்கத்தில் நட்சத்திரம். வெள்ளைக்காரன் தங்கக் கரை என்று பெயர் வைத்துத் தங்கத்தை அள்ளிப்போன நாடு, விடுதலை பெற்ற மறுவருடம் தன் சொந்தப் பெயரில் வெளியிட்ட காசு. அபேனாவுக்கு அவருடைய தகப்பன் கொடுத்தது.

"வெள்ளியில தாலி செய்யேலாது, அக்கா" என்றார் பத்தர். அதை அபேனாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பொன்னோடு கலந்தாவது உருக்குங்கள். மருமகளின் கழுத்தில் கிடக்கட்டும்" என்று அபேனா ஆங்கிலத்தில் சொன்னார். குரல் தடுமாறவேயில்லை.

நான் அந்தக் காசை எடுத்துப் பொத்திக்கொண்டேன். சொந்தப் பெயரில் ஒரு காசு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாடில்லாத நமக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட சனத்தோடு சம்பந்தம் செய்கிறேன். எனக்குப் பெருமைதான். உங்களுக்கு எப்படி என்று கேட்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக என்னிடமிருந்த பவுனை உருக்கினோம். விதுஷா பிறந்தபோது பாரிசிலிருந்து வந்து அவளுடைய பிஞ்சுக் கைக்குள் நீங்கள் வைத்த பவுன்.

வெள்ளிக்காசு கூறைச்சேலைத் தட்டில் இருக்கும். தாலியில் நீங்கள் இருக்கிறீர்கள். கட்டுவதைப் பார்க்க வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி