மூக்கிரட்டை பிழைத்த இடம்

12 ஆகஸ்ட், செவ்வாய்

படூர் காலேஜ் மூலிகைத் தோட்டத்துக்கு நான் போட்ட டிசைனைப் பார்க்க இன்று கமிட்டி வந்தது. மண்ணைப் பரிசோதித்தது நான். எந்தச் செடி எங்கே பிழைக்கும் என்று சொன்னது இருளர் குடியிருப்பிலிருந்து வரும் செல்வி. தும்பை, குப்பைமேனி, மூக்கிரட்டை என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் போர்டு நட்டிருந்தோம்.

காலையில் போனால் போர்டு மட்டும்தான் நிற்கிறது. பெரிய மனுஷங்க வருகிறார்களே என்று தோட்டக்காரர் முனுசாமி எல்லாவற்றையும் செதுக்கிவிட்டார்.

"களைய மட்டும்தான் எடுத்தேன் மேடம். போர்டுல ஒரு கீறல் படல, பாருங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கமிட்டித் தலைவரோ நேராகப் பக்கத்துப் புல்தரைக்குப் போனார். யாரும் கால் வைக்கக் கூடாது என்று பிரின்சிபால் உத்தரவு போட்டு வளர்க்கும் வெளிநாட்டுப் புல். அதன் நடுவில் மூக்கிரட்டை ஜம்மென்று படர்ந்திருந்தது.

"வெளிநாட்டுப் புல்லும் நம்மூர்க் கொடியும்! பிரமாதமான கலவை. இந்த முறைக்கு என்ன பேரு? ரிப்போர்ட்ல எழுதிக் குடுங்க" என்றார். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

என்ன பேர் வைப்பது என்று செல்வியைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாக்கா இது கூடவா தெரில? முனுசாமி அண்ணாத்த கால் வெக்காத எடம்னு எழுது."