பிரித்துக்கொள்கிறோம் என்று எழுதியவருக்கு

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

அன்பு என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம் சீக்கிரம் விடுமா?

உங்கள் முதல் வருஷத் திதி முடிந்த கையோடு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. வழக்குப் போட்டவர் உங்கள் அருமைத் தம்பி மூர்த்தி. மாமனார் விட்டுப்போன கிழக்குத் தாம்பரம் வீட்டை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொள்ளவே இல்லையாம். அதனால் ரோட்டைப் பார்த்த நம் முன்பக்கத்திலும், நாம் எழுப்பிய மாடியிலும் அவருக்குப் பாதி வேண்டுமாம்.

நான் பயப்படவில்லை. முன்பக்கம் உங்களுக்கு, பின்பக்கம் அவருக்கு என்று இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் பீரோவில் இருந்ததே! அதை எடுத்துக்கொண்டு வக்கீல் மேடத்திடம் போனேன். படித்துவிட்டு, "இதை யாருங்க எழுதினது?" என்றார்.

"என் வீட்டுக்காரர்தான் மேடம். ஆபீஸ்ல எல்லாருக்கும் டிராஃப்ட் திருத்திக் கொடுப்பார்."

"அவரோட டிராஃப்டை யாரும் திருத்தல போலிருக்கு."

'இன்று பிரித்துக்கொள்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பே பேசிப் பிரித்ததை ஞாபகத்துக்காகப் பின்னால் எழுதி வைத்தால், பதிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லையாம். அந்தத் தாளே வீட்டைப் பிரிக்கிறது என்றால் பதிவு செய்தாக வேண்டுமாம். பேசி முடித்து, நடுவில் சுவர் வைத்து, இரண்டு பொங்கல் தனித்தனியாக வைத்த பிறகுதானே எழுதினீர்கள்? 'பிரித்துக்கொண்டோம்' என்று எழுத உங்களுக்கு என்ன கேடு?

முதலில் மூர்த்தி சாட்சி சொன்னார். "பின்பக்கத்தை வாடகைக்கு விட்டீங்களே, அண்ணனுக்குப் பங்கு கொடுத்தீங்களா?" என்று மேடம் கேட்டார். "இல்ல. அவரும் கேக்கல" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

என் முறை வந்தது. தாளைக் காட்டியதுமே அவருடைய வக்கீல் எழுந்துவிட்டார். பதிவு இல்லை, முத்திரைத்தாள் சரியில்லை, இதைச் சாட்சியமாக ஏற்கவே கூடாது என்றார். ஜட்ஜ் சொன்னபடி முத்திரைத் தீர்வையும் அபராதமும் கட்டினேன். அப்படியும், யார் எந்தப் பக்கம் குடியிருந்தார்கள் என்பதற்கு மட்டும்தான் அதைப் பார்ப்பேன், பாகம் பிரிந்ததற்கு அது ஆதாரம் ஆகாது என்று சொல்லிவிட்டார். நீங்கள் நம்பிக்கையாகப் போட்ட கையெழுத்தின் மதிப்பு அவ்வளவுதான்.

அடுத்து குறுக்கு விசாரணை. மூர்த்தியின் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே ஆரம்பித்தார்.

"நடுவுல கொஞ்ச நாள் நீங்க அந்த வீட்லயே இல்ல. சரியா?"

"சரிதான்."

"புருஷனை விட்டுட்டுப் போய் யாரோட இருந்தீங்க?"

பின் பெஞ்சில் மூர்த்தியின் மனைவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். மூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே இருந்தேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கேள்வியைக் கேட்க விட்டாரே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஜட்ஜ் நிமிர்ந்தார். "பாகப் பிரிவினை கேஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாட்சியை அசிங்கப்படுத்துறதுக்காகக் கேக்குற கேள்வியை அனுமதிக்க முடியாது. அம்மா, நீங்க பதில் சொல்ல வேண்டாம்."

"ஐயா, நான் சொல்றேன்" என்றேன். மேடம் வேண்டாம் என்று தலையாட்டினார். "கேட்டது கேட்டாச்சுங்க. நான் பேசாம இறங்கினா இவங்களே ஒரு பதிலைச் சொல்லிக்குவாங்க."

ஜட்ஜ் சரி என்றார். நான் சொன்னேன்.

"வண்டலூர்ல எங்க அம்மா வீட்ல இருந்தேன். பிரிச்ச வீட்டைப் பதிவு பண்ணி வைங்கன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டேன். 'என் தம்பி மேலயே சந்தேகமா?'ன்னு கத்தினார். அதான் போனேன். ஆட்டோ வச்சு என்னைத் திரும்பக் கூட்டிட்டு வந்தது இதோ உக்காந்திருக்கிற மூர்த்திதான். 'அண்ணி, முன்பக்கம் என்னிக்கும் உங்களுதுதான், பேப்பர் எதுக்கு?'ன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தார்."

"இதெல்லாம் ரெக்கார்டுல ஏற வேண்டாம்" என்று வக்கீல் பதறினார்.

"கேட்டது நீங்கதானே?" என்றார் ஜட்ஜ். ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்யச் சொன்னார்.

வெளியே வந்ததும் அந்த வக்கீல் பக்கத்தில் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க தொழில் அப்படி."

"உங்க மிசஸ்கிட்ட போய், இன்னிக்கு ஒரு விதவைகிட்ட இப்படிக் கேட்டேன்னு சொல்லுங்க சார். அவங்க தொழில்னு ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிறேன்."

போன மாதம் தீர்ப்பு வந்தது. நாம் ஜெயித்துவிட்டோம். உங்கள் தாளால் அல்ல. சுவர், தனித்தனி கரண்ட் மீட்டர், அவர் ஒற்றையாக வாங்கித் தின்ற வாடகை, கூண்டில் நான் சொன்னது எல்லாவற்றையும் வைத்து, வீடு முன்பே வாய்ப்பேச்சில் பிரிந்துவிட்டது என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார். மூர்த்தி செங்கல்பட்டில் அப்பீல் போகிறாராம். போகட்டும்.

சந்தோஷமா என்று கேட்கிறீர்களா? எப்படி வரும் சந்தோஷம்? கேள்வி கேட்டவன் யாரோ. கேட்க விட்டவர் உங்கள் தம்பி. கையில் உருப்படியாக ஒரு பத்திரம்கூடக் கொடுக்காமல் என்னை அங்கே நிற்க வைத்தது யார்?

அடுத்த வாரம் உங்கள் திதி. நமக்கு மகன் இல்லை என்று கொள்ளி வைத்ததிலிருந்து எல்லாம் மூர்த்திதான் செய்தார். நேற்றுப் போன் வந்தது. "கேஸ் வேற, இது வேற அண்ணி. அண்ணனுக்கு நான்தானே செய்யணும்?"

"உங்க அண்ணனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் கோர்ட்ல செஞ்சு முடிச்சிட்டீங்க. வர வேண்டாம்" என்று வைத்துவிட்டேன்.

நம் பெண் திவ்யா நாவலூர் ஆபீசில் லீவு சொல்லிவிட்டாள். பெண் பிள்ளை திதி கொடுப்பதா என்று ஐயர் முதலில் இழுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்: நான் இருக்கும்வரை இந்த வீட்டில் உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் உங்கள் மகள் கையால்தான். உங்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். பசித்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கோபம் ஆறாத உங்கள் மனைவி,
ஜெயந்தி