பஸ்சா, லாரியா, வேனா

12.1.1957
இன்று அவர் சேலை மூட்டைகளோடு மலையேறினார். எஸ்டேட் எஸ்டேட்டாக விற்று முடித்தால்தான் போடிக்கு இறங்குவார். சரக்கு சீக்கிரம் தீரட்டும் என்று துஆ கேட்டேன். நிக்காஹ் முடிந்து ஒரு வருஷம்; வீட்டில் நானும் பல்லியும்தான்.

3.2.1957
வந்துவிட்டார். இனி நானும் வருவேன் என்றேன். "எங்க படுப்ப, ஏலச்செடி மேலயா?" என்று சிரித்தார். வண்டியையே வீடாக்குவோம் என்றேன். நான் சிரிக்கவில்லை. "சரி நஜீமா, எந்த வண்டின்னு நீயே பாத்துச் சொல்லு."

6.2.1957
ஜக்கையன் அண்ணன் பட்டறையில் மூன்று வண்டிகள் விலைக்கு நிற்கின்றன. பழைய பஸ்சு: நிமிர்ந்து நடக்கலாம், சமைக்க ஒரு பக்கம், படுக்க ஒரு பக்கம். எனக்கு அதுதான்! லாரி: பின்னால் மர அறை, டிரைவர் தலைக்கு மேல் படுக்கப் பரண். பட்டாளத்து வேன்: உள்ளே நின்றால் தலை இடிக்கும்.
அண்ணன் என் ஆசையில் மண் போட்டார். "போடிமெட்டு வளைவுல பஸ்ச பின்னாடி எடுத்து எடுத்துத்தான் திருப்பணும் பாய். எஸ்டேட்டுப் பாதையில நுழையவே நுழையாது. லாரியில பரண் வச்சா மேல்கனத்துல ஆடும்."

7.2.1957
குனிஞ்சே குடும்பம் நடத்தணுமா? அழுகையா வருது.

10.2.1957
முற்றத்தில் வேன் அளவுக்குச் சாக்கட்டியால் கோடு போட்டேன். அடுப்பு, தண்ணீர்க் குடம், கட்டில், எல்லாம் கோட்டுக்குள். அங்கேயே சமைத்தேன். அவரும் உள்ளே வந்து சாப்பிட்டார். முழங்கையோடு முழங்கை இடித்தது. "பஸ்சுல இது கெடைக்குமா?" என்றார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.
வேன்தான்.

2.3.1957
புறப்படும் நாள். வேனில் எல்லாம் ஏற்றியாயிற்று. வாசலில் சேலை மூட்டைகள், உள்ளே அவற்றுக்கு இடமே இல்லை! கோடு போட்ட நானும் மறந்தேன், சேலை வியாபாரியான அவரும் மறந்தார்.
"இந்தத் தடவ நா மட்டும் போயிட்டு வர்றேன் புள்ள."
வந்ததே கோபம். கட்டிலை இழுத்து வெளியே போட்டேன். அந்த இடத்தில் மூட்டைகளைப் பரப்பி, மேலே பாயை விரித்து ஏறிப் படுத்துக்கொண்டேன். "இப்ப வண்டிய எடுங்க."

17.3.1957
போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட். குளிருக்கு மூட்டைகள் கதகதப்பாக இருக்கின்றன. முதலில் கூரை மூக்கை உரசியது. விற்க விற்கப் படுக்கை தாழ்கிறது. இன்று இரண்டு மூட்டை போனது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
"இப்படியே வித்தா வெரசா வீட்டுக்குப் போயிரலாம்."
தலையாட்டினேன். சரக்கு மெதுவாகவே தீரட்டும் என்று துஆ கேட்டுவிட்டுப் படுத்தேன்.