ஏழு மீனுக்குத் தண்ணீர்

இரிட்டி,
கர்க்கடகம் 12

மகளுக்கு,

கோபம் தீர்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நீ விட்டுப்போன மீன்களைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

மஞ்சள்காமாலை பயத்தில் இன்று காலை நம் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டேன். அதை மறந்து, அதே தண்ணீரை இறைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். எப்போதும் கூட்டமாகவே சுற்றும் ஏழு மிஸ் கேரளா மீன்களும் மூலைக்கொன்றாகச் சிதறி, மேலே வந்து வாயைப் பிளந்தன. சிவப்புக் கோடுகள் வெளிறிக்கொண்டே வந்தன.

"உங்க ரோஷத்தை ஊத்துனா மீன் பிழைக்குமா? பக்கத்து வீட்டுக் கிணத்துக்கு ஓடுங்க!" என்று உன் அம்மா கத்தினாள்.

என் பேச்சை மீறி அந்த வீட்டுப் பையனை நீ கட்டிக்கொண்ட பிறகு அந்த வேலியை நான் தாண்டியதில்லை. வெறுங்கையோடு ஓடினேன். முற்றத்தில் உன் மாமனார் குஞ்ஞம்பு நின்றார்.

"மீனுக்குக் கொஞ்சம் தண்ணி..." என்றேன்.

"நம்ம பொண்ணோட மீனுக்குன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்றார். அவரே இறைத்து, செம்புக் குடத்தை என் தோளில் ஏற்றினார். நான்கு நடை சுமந்தேன்.

சாயங்காலம்தான் ஏழும் மறுபடி ஒன்றாக நீந்தின.

குடம் இங்கேயே இருக்கிறது. திருப்பிக் கொடுக்க எனக்குக் கால் வரவில்லை. நீங்கள் இரண்டு பேருமாக ஊருக்கு வந்து கொடுத்துவிடுங்கள்.

அப்பா